கவுண்டரில் நிற்பவர்களுக்குப் பாடம் எங்கே? பார்மசி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய பார்மசி கவுன்சில், தமிழ்நாடு பார்மசி கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வியாசர்பாடியில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக இருக்கிறேன். சீட்டை வாங்கிப் படித்து, ரேக்கில் மருந்தை எடுத்து, அட்டையை வெட்டி, பில் போட்டு, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று கவரில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு, பார்மசி டெக்னீஷியன் என்று, சில நாடுகளில் தனிப் படிப்பும் தேர்வும் பதிவும் உண்டு. இங்கே பத்து வருஷத்துக்கு மேல் நின்றாலும் சம்பள நோட்டில் நான் 'சேல்ஸ்'தான்.

இந்த மடலை எழுத வைத்தது எங்கள் கடைக்கு வந்த ஒரு ஆய்வு. உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, மருந்தாளுநரின் பதிவு புதுப்பித்திருக்கிறதா, ஃப்ரிட்ஜில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, எச்1 பதிவேடு (சில வகை மருந்துகளை விற்றால் தனியாக எழுதி வைக்கிற நோட்டு) ஒழுங்காக எழுதியிருக்கிறதா, காலாவதியானதைத் தனியாக வைத்திருக்கிறோமா என்று வந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். பொறுப்பாகத்தான் பார்த்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கவுண்டரில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அதில் ஒரு தம்பி சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் செல்போன் கவர் விற்கிற கடையில் இருந்தவன். அவன் கையில் அப்போது வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிற ஒருவரின் சீட்டு இருந்தது. இவன் யார், இவனுக்கு என்ன தெரியும், யார் சொல்லிக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி விதி இருந்தால்தானே கேட்பார்? இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தாகிவிட்டது. அதை எடுத்துக் கொடுக்கிற ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

1948-ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமையைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே தருகிறது. மருந்து விதிகளின் 65-ஆவது விதி, அது அவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் கடை வாசலில் வந்து நின்று பாருங்கள். கிளினிக்கில் இருந்து வருகிற கூட்டம், வேலை முடிந்து திரும்புகிற கூட்டம், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மதியம் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக வருகிறவர்கள், 'தலவலிக்கு ஒண்ணு குடு' என்று பத்து ரூபாயை நீட்டுகிறவர்கள். எங்கள் கடையில் மருந்தாளுநர் உண்மையாகவே இருக்கிறார், அதைச் சொல்லியாக வேண்டும். முடிந்தவரை எல்லாச் சீட்டையும் ஒருமுறை பார்த்துத்தான் அனுப்புகிறார். ஆனால் அவர் ஒருவர். அந்த நேரத்தில் நாலு பக்கமும் கை நீளும். நான் இதற்கு முன்னால் இருந்த கடையிலோ மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும்தான் வேலைக்கு வந்தது. ஆள் எந்த ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஆக, சட்டத்தின்படி பார்த்தால் மருந்தைத் தொடுகிறவர் எல்லாரும் படித்தவர். நடப்பில் பார்த்தால் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் ஜனங்கள் மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நாங்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறோம் என்று சொல்கிறேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது கடையில் இருந்த ஒரு அண்ணன். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பழைய கம்பவுண்டர். 'சீட்டை மூணு தடவ படி: எடுக்கும்போது, வெட்டும்போது, கையில குடுக்கும்போது' என்பார். இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். அதே அண்ணன்தான் காய்ச்சலுக்கு 'செட்' என்றால் என்ன என்றும் சொல்லிக் கொடுத்தார். காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளிக்கு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, கேஸுக்கு ஒன்று, கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். 'அது போட்டாத்தான் சட்டுனு கேக்கும்' என்று மட்டும் தெரியும். நல்ல பழக்கமும் கெட்ட பழக்கமும் ஒரே வாயிலிருந்து, ஒரே அக்கறையோடு, எங்களுக்கு வந்து சேர்கிறது. எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை.

சின்ன விஷயம் ஒன்று. மாத்திரை அட்டையில் பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குப் போடுகிற எண்) காலாவதித் தேதியும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் அச்சடித்திருக்கும். பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் எந்த ஓரத்தில் இருந்து வெட்டுவது? தேதி இல்லாத பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும், அப்போதுதான் மிச்சம் இருக்கிற ஆறுக்குத் தேதி இருக்கும். புதுசாக வருகிறவர்கள் கைக்கு எது வாகோ அந்தப் பக்கம் வெட்டுவார்கள். தேதி இல்லாத ஆறு மாத்திரை திரும்பப் பெட்டிக்குள் போகும். அடுத்த வருஷம் அதை எடுக்கிறவருக்கு அது எப்போது வந்த சரக்கு என்று தெரியாது. அந்த பேட்ச் சரியில்லை, திரும்ப அனுப்பு என்று கம்பெனியோ அரசாங்கமோ சொன்னால், இந்த ஆறு மாத்திரையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லிக் கொடுக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை.

பேட்ச் என்றதும் 2025 அக்டோபர் ஞாபகம் வருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் பச்சைப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். நம் மாநிலத்தில் அந்த மருந்தை விற்கக் கூடாது என்று தடை வந்தது. எங்களுக்கு அந்தச் சேதி எப்படி வந்தது தெரியுமா? வாட்ஸ்அப்பில். பாட்டிலின் எந்த இடத்தில் பேட்ச் எண்ணைப் பார்ப்பது என்று கூட நின்ற பெண் என்னிடம் கேட்டாள். அவள் கடைக்கு வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இன்சுலின் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊரில் குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊசியும் இரண்டு விதம். 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஊசிதான். சர்மா நகரில் இருந்து வருகிற ஒரு ஆயாவுக்கு 40 குப்பி, காலையில் 20 யூனிட். ஒருநாள் சிவப்பு மூடி ஊசி தீர்ந்துபோக, கவுண்டரில் இருந்த பையன் ஆரஞ்சு மூடியை எடுத்துக் கொடுத்துவிட்டான். ஊசி ஊசிதானே என்று நினைத்திருப்பான். ஆயா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இன்னா கண்ணு, இதுல கோடு வேற மாரி கீது?' என்று கேட்டது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் எந்தக் கோடு வரைக்கும் இழுப்பது என்று பார்த்துப் பழகிய கண், அவ்வளவுதான்.

ஆயா கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 100 யூனிட் ஊசியில் 20 என்ற கோடு வரைக்கும் இழுத்தால் 0.2 மில்லி. 40 குப்பியில் 0.2 மில்லி என்றால் வெறும் 8 யூனிட். இருபது போட வேண்டிய இடத்தில் எட்டு. சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். 'ஊசி ஒழுங்கா போட்டுக்கிறியா?' என்று டாக்டர் ஆயாவைத்தான் திட்டுவார். இது தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட். வீட்டில் தனியாக இருக்கிற வயசானவருக்கு அது உயிரோடு விளையாடுகிற விஷயம்.

இதைச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு ஊசியையும் மேஜை மேல் வைத்து, ஒரு கிளாஸ் தண்ணீரையும் வைத்தால் பத்து நிமிஷம். நான் எங்கள் கடைத் தம்பிகளுக்கு அப்படித்தான் செய்து காட்டினேன். ஆனால் பக்கத்துத் தெருக் கடையில்? மின்ட்டில்? எர்ணாவூரில்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஃப்ரிட்ஜ் சூடாக ஆரம்பித்ததும் முதலாளி ஐஸ் வாங்கி வரச் சொன்னார், சரியான யோசனைதான். ஆனால் ஒரு பையன் குப்பிகளை நேராக ஐஸ்கட்டி மேலேயே அடுக்கிவிட்டான். இன்சுலின் உறைந்துவிட்டால் அப்புறம் உருகி, பார்க்க நன்றாகவே இருந்தாலும் கொடுக்கக் கூடாது. மருந்தாளுநர் போனில் சொன்ன பிறகுதான் அந்தக் குப்பிகளை ஒதுக்கி வைத்தோம். வருஷா வருஷம் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குகிற ஊரில், வெள்ள நேரத்தில் மருந்தை எப்படிக் காப்பது என்பது பாடத்தில் முதல் பத்துப் பக்கத்துக்குள் வர வேண்டியது. எங்களுக்கோ பாடமே இல்லை.

பெயர் குழப்பம் தனிக்கதை. இப்போது ஜெனரிக் மருந்து கேட்டு வருகிறவர்கள் அதிகம். 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்த பிறகு பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிற பழக்கம் கூடியிருக்கிறது. ஜனங்களுக்குச் செலவு குறைகிறது, ரொம்ப நல்லது. ஆனால் கார்பமசெபின் வலிப்புக்கு, கார்பிமசோல் தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கு. ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். முதலில் சொன்னேனே, அந்தத் தம்பியின் கையில் இருந்த சீட்டு, அதில் இருந்தது கார்பமசெபின். மெத்தோட்ரெக்சேட் மூட்டு வாதத்துக்கு, வாரத்துக்கு ஒருநாள் மட்டும். அதோடு சேர்த்து எழுதுகிற ஃபோலிக் ஆசிட்டும் சின்ன மஞ்சள் மாத்திரை, மெத்தோட்ரெக்சேட்டும் சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்துக்கு ஒருநாள் போட வேண்டியதைத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்து ஆள் பிழைப்பதே கஷ்டம். கவரில் 'காலை 1' என்று பழக்க தோஷத்தில் எழுதுகிற ஒரு கைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125. 'அஞ்சு மில்லி குடு' என்று சிரப்புக்குச் சொன்னதைச் சொட்டு மருந்துக்குச் செய்தால் நாலு மடங்கு.

ராத்திரி பத்து மணிக்கு மேல் வேறு மாதிரி. டேபென்டடால் என்ற வலி மாத்திரை கேட்டுப் பையன்கள் கூட்டமாக வருவார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்று வடசென்னையில் செய்தி வராத மாதம் குறைவு. சீட்டு எங்கே என்று கேட்டால் கவுண்டரைத் தட்டுவார்கள், மிரட்டுவார்கள். எப்படி மறுப்பது, போலிச் சீட்டை எப்படி அடையாளம் காண்பது, யாருக்குத் தகவல் சொல்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் போலீஸ் வந்தால் முதலில் விசாரிப்பது கவுண்டரில் நிற்பவரைத்தான்.

இனி படித்தவர்களின் பயிற்சிக்கு வருகிறேன், அதுவும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் ஆவதற்கான டிப்ளமோ, முடிப்பவர் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற வேண்டும், அதில் 250 மணி நேரமாவது சீட்டுக்கு மருந்து வழங்கிப் பழக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பயிற்சி நேரத்தை எழுதிக் கடையில் கையெழுத்து வாங்குகிற நோட்டு எங்கள் மாதிரிக் கடைகளுக்கும் வரும். உண்மையாக வந்து நின்று, வியர்த்து, கற்றுக்கொண்டு போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெண் எனக்கே பல விஷயங்களை விளக்கிச் சொன்னாள், எச்1 பட்டியலில் இருக்கும் மருந்துகளை ஏன் தனியாக எழுதி மூன்று வருஷம் வைக்கிறோம் என்பது உட்பட. ஆனால் நோட்டு மட்டும் வந்து கையெழுத்தோடு திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன். சில நேரம் பிள்ளைகூட வராது, அப்பா வருவார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் 500 மணி நேரம் முடிந்துவிடும்.

2022-இல் டி.பார்ம் படித்தவர்களுக்கு, பதிவு செய்வதற்கு முன் எழுத வேண்டிய எக்ஸிட் தேர்வு என்று விதி கொண்டுவந்தீர்கள். வரவேற்கிறேன். ஆனால் அது உட்கார்ந்து எழுதுகிற தேர்வு. கோழிக் கிறுக்கலாக எழுதிய ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, ரேக் முன்னால் நிறுத்தி, 'எடு, இந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்' என்று யாரும் பார்க்கவில்லையே.

எங்களைப் போன்றவர்கள் டி.பார்ம் படித்துவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். டி.பார்ம் சேர இயற்பியலும் வேதியியலும், கூடவே உயிரியலோ கணிதமோ வேண்டும். பதினேழு வயதில் எடுத்த குரூப்பால் அந்தக் கதவு எனக்கு மூடியாகிவிட்டது. எத்தனை வருஷம் கவுண்டரில் நின்றாலும் அது திறக்காது. இதில் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. மொத்த வியாபாரத்துக்கு மருந்து விதிகளின் 64-ஆவது விதி, பத்தாம் வகுப்பு தேறி மருந்து விற்பனையில் நாலு வருஷம் அனுபவம் இருந்தால் தகுதியான ஆள் என்று ஏற்கிறது. 1948 சட்டம் வந்தபோது முதல் பதிவேட்டில், ஐந்து வருஷம் மருந்து கலக்கிய அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. அனுபவத்துக்கு மதிப்பு உண்டு என்று உங்கள் சட்டமே ஒப்புக்கொண்ட இடங்கள் இவை. சில்லறைக் கவுண்டரில் நிற்கிற எங்கள் அனுபவத்துக்கு மட்டும் ஒரு கணக்கும் கிடையாது. நடுவில், 'பார்மசி அசிஸ்டென்ட்' என்று போர்டு மாட்டிய தனியார் சென்டர்கள் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கின்றன. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி நகையை அடகு வைத்துக் கட்டினாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்கும் பதிவு செய்ய முடியாது என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் 2011 ஜூலையில் இருந்து பதிவு செய்யாமல் யாரும் பார்மசி டெக்னீஷியனாக வேலை செய்ய முடியாது. அதற்குக் கீழே இருக்கிற உதவியாளர்களைக்கூட, வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஒரு பயிற்சியில் சேர்த்தாக வேண்டும். அமெரிக்காவில் டெக்னீஷியன்களுக்குச் சான்றளிக்கத் தனி வாரியம் 1995-இல் வந்தது. படிப்பு வழியாக வர முடியாதவர் 500 மணி நேரம் அந்த வேலையைச் செய்த அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுதலாம். அதே 500 மணி நேரம்தான். அங்கே அது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வாசல்.

மருந்தாளுநர்கள் இதை எதிர்க்கலாம், அதுவும் தெரியும். உதவியாளருக்குச் சான்றிதழ் கொடுத்தால், இவளே போதும் என்று முதலாளி மருந்தாளுநரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம். நியாயமான பயம்தான். இப்போதே டி.பார்ம் படித்தவர்களுக்குச் சில கடைகளில் கொடுக்கிற சம்பளத்தைப் பார்த்தால் சான்றிதழை வாடகைக்கு விடுவதே மேல் என்று அவர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. நான் கேட்பது அவர்கள் நாற்காலியை இல்லை. அவர்கள் இருக்கும்போது, அவர்கள் கண் படாத நொடியில் அவர்களுக்காக மருந்தை எடுக்கிற எனக்கு, என்ன செய்கிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பதிவுபெற்ற மருந்தாளுநர் கடையில் இல்லாத நேரத்தில் உதவியாளரின் சான்றிதழ் செல்லாது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், எனக்குச் சம்மதம்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

மருந்துக்கடை உதவியாளர் என்ற வேலையை அங்கீகரித்து அதற்கு ஒரு பாடத்திட்டம் வையுங்கள். ஆறு மாதம் போதும். தமிழில் இருக்கட்டும், மருந்துப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில். பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் சேரலாம் என்றும், ஏற்கெனவே கவுண்டரில் இருப்பவர்களின் வருஷங்களைக் கணக்கில் எடுப்போம் என்றும் சொல்லுங்கள். இன்சுலின் ஊசி, குழந்தைகளுக்கான அளவு, பெயர் குழப்பம், வாரம் ஒருமுறை மருந்துகள், குளிர்பதனம், பேட்ச் எண், எச்1 பதிவேடு, மறுக்க வேண்டிய மருந்துகள் எல்லாம் அதில் வர வேண்டும். தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது ரேக் முன்னால் நிற்க வைத்துப் போடுங்கள். நான் முதல் ஆளாக வந்து எழுதத் தயார். தோற்றால் திரும்பப் படித்து எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்கிறவரை மூன்று மாதத்துக்குள் இந்தப் பயிற்சியில் சேர்ப்பது கடைக்காரரின் கடமை, கட்டணமும் அவருடையது என்று ஆக்குங்கள். எங்களில் பலருக்கு மாதம் பன்னிரண்டாயிரம்தான் சம்பளம், அதில் இருந்து கட்டச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். பயிற்சி முடியும் வரை சீட்டுக்கு மருந்து எடுக்க விடக் கூடாது, சோப்பும் பவுடரும் விற்கட்டும். உங்கள் 2015 விதிகள் மருந்தாளுநருக்கு வெள்ளைக் கோட்டும் பெயர் அட்டையும் வேண்டும் என்கின்றன. உதவியாளருக்கு வேறு நிறத்தில் அட்டை கொடுங்கள். முன்னால் நிற்பது மருந்தாளுநரா, பயிற்சி பெற்றவரா, நேற்று சேர்ந்தவரா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

டி.பார்ம் பயிற்சி நோட்டில் கையெழுத்துப் போடுகிற கடை, அந்த மாணவர் வந்தாரா என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சொல்லாமல் போய்ப் பாருங்கள். வந்ததாக எழுதிய நேரத்தில் பிள்ளை அங்கே இல்லை என்றால் அந்தக் கடைக்குப் பயிற்சி தரும் அனுமதியை நிறுத்துங்கள். எக்ஸிட் தேர்வில் மருந்து வழங்கிக் காட்டுகிற ஒரு பகுதியையும் சேருங்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோடு பேசி, ஆய்வுக்கு வரும்போது கவுண்டரில் நிற்பவர்களிடமும் ஐந்து கேள்வி கேட்க ஏற்பாடு செய்யுங்கள். தண்டிக்க இல்லை. பதில் தெரியாவிட்டால் அந்தக் கடை தன் ஆட்களை ஒரு மாதத்துக்குள் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சுவரில் தொங்குகிற சான்றிதழ்காரர் கடையில் இருக்கிறாரா என்பதையும் ராத்திரி நேரத்தில் வந்து பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லாக் கடையிலும் எல்லாரும் இருப்பார்கள்.

உதவியாளராகத் தேறிச் சில வருஷம் வேலை பார்த்தவருக்கு, அறிவியல் பாடங்களில் ஒரு இணைப்பு வகுப்பு வைத்து, டி.பார்ம் சேரும் வழியையும் திறந்து விடுங்கள். அதற்கு விதிகளைத் திருத்த வேண்டியிருக்கும், நாள் பிடிக்கும். பொறுத்துக்கொள்கிறோம். மற்றவற்றுக்குப் பொறுக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மூன்று மாதத்துக்குள் ஒரு பதில் வேண்டும். எனக்குத் தனியாக வேண்டாம், எல்லாக் கடையிலும் இருப்பவர்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடுங்கள். பாடத்திட்டம் எழுத உட்காரும்போது கவுண்டரில் நிற்பவர்களில் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை மதியம் இரண்டு மணிக்கு மூடும். அதற்கு மேல் எப்போது வைத்தாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடை உதவியாளர்,
வியாசர்பாடி, வடசென்னை